கண்ணீர் வடியும் கண்ணும் வறண்ட கண்ணே

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டில் படித்த மாணவி ஒருத்தி, சில வாரங்களாகத் தாமதமாகவே வந்துகொண்டிருந்தாள். காரணம் கேட்டோம். “பாட்டிக்குக் கண்ணுல மருந்து ஊத்திட்டு வர்றேன், டீச்சர்” என்றாள். அன்று மாலையே அவள் வீட்டிற்குச் சென்றோம்.

அந்தப் பாட்டிக்கு வயது 58. இளமையில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, ஈப்போவுக்கு அருகில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். விளக்கொளியில் கையுறைகளைப் பார்த்து, ஓட்டை உள்ளவற்றைப் பிரித்தெடுக்கும் வேலை அது. வலக்கண்ணில் கண்புரைக்கு அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆனால், கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் ஓயாத உறுத்தல். மதியத்திற்கு மேல் எரிச்சல். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது கண்ணீர் தாரை தாரையாக வடியும்.

“ஆப்பரேசன் கெட்டுப் போச்சுங்க, டீச்சர். இன்னொரு கண்ணைக் கொடுக்க மாட்டேன். வேலையையும் விட்டுடலாம்னு இருக்கேன்” என்றார் அவர். மறு பரிசோதனைக்கும் போகாமல் நின்றுவிட்டார். அவர் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒரு தவறான முடிவு, பார்வையையும் பிழைப்பையும் சேர்த்தே கொண்டுபோய்விடும் நிலை.

நேயர்களே, அவருக்கு அறுவை சிகிச்சை கெட்டுப் போகவில்லை. அவருக்கு வந்திருந்தது கண் வறட்சி. கண்ணீர் வடியும் கண்ணை வறண்ட கண் என்று சொன்னால் யாரும் வியப்படைவார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நம் கண்ணின் மேல் எப்பொழுதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று படிந்திருக்கிறது. அதில் மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று, கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் வழுவழுப்பான சளிப்பொருள். இரண்டாவது, கண்ணை நனைக்கும் நீர். மூன்றாவது, அந்த நீர் காற்றில் உலர்ந்து போகாதபடி மேலே மூடியிருக்கும் எண்ணெய். இந்த எண்ணெயை இமை ஓரத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரக்கின்றன. 1666-ஆம் ஆண்டிலேயே மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவர் அவற்றை விரிவாக எழுதி வைத்தார். நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்த மூன்றும் கலந்து, கண்ணின்மேல் ஒரே சீராகப் பரவுகின்றன.

இந்தப் படலம் குறைந்தாலோ விரைவில் உலர்ந்தாலோ கண் உறுத்துகிறது. உறுத்திய உடனே, “தண்ணீர் அனுப்பு” என்று நரம்புகள் மூளைக்குச் சொல்லுகின்றன. அப்பொழுது வெள்ளம்போல் வருவது வெறும் நீர். கண்ணில் தங்கி நிற்பதற்கு வேண்டிய எண்ணெய் அதில் போதிய அளவு இல்லை. ஆகவே அது கன்னத்தில் வழிந்து போகிறது. கண் மறுபடியும் உலர்கிறது. காய்ந்து கட்டியாகிப்போன மண்ணில் பெருமழை பெய்தால், நீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அறுவை சிகிச்சைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதை விளக்குவது எளிது. பட்டையில் கத்தி படும்போது பால்குழாய்கள் அறுபடுகின்றன. பிறகு புதுப்பட்டை வளர்கிறது; ஆனால் அது ஒரே நாளில் வளர்வதில்லை. கண்புரைச் சிகிச்சையிலும் கருவிழியின்மேல் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தின் ஓரத்தில் மருத்துவர் சிறிது கீறுகிறார். அப்பொழுது அங்குள்ள மயிரிழை போன்ற நரம்புகள் சில அறுபடுகின்றன. நரம்பின் உணர்ச்சி குறைந்தால் கண்ணீர் சுரப்பதும் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் விடுகின்ற சொட்டு மருந்துகளில் கலந்துள்ள, மருந்து கெடாமல் காக்கும் பொருளும் கண்ணின் மேற்பரப்பை உறுத்தக்கூடும்.

இதற்காகச் சிகிச்சையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. 1949-ஆம் ஆண்டில் லண்டனில் ஹரல்ட் ரிட்லி என்ற மருத்துவர், புரை நீக்கிய கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லையை வைத்தார். 1967-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெல்மன், நுண்ணொலி அதிர்வினால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டு வந்தார். அதன் பயனாக, முன்பு 10 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிய இடத்தில், இன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறலே போதுமானதாகிவிட்டது. ஆகவே பலருக்கு இந்த வறட்சி மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் அதற்கு மேலும் நீடிக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், மூட்டுவாத நோய் உள்ளவர்கள், ஒவ்வாமைக்கும் தூக்கத்திற்கும் நெடுநாளாக மாத்திரை விழுங்குபவர்கள் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு அதிகம். இவர்களில் பலருக்குச் சிகிச்சைக்கு முன்பே கண் வறண்டுதான் இருந்திருக்கும். புரையின் மங்கலில் அது தெரியாமல் இருந்திருக்கும்.

இனி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மறு பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் கண் சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். இமையின் உட்புறத்தில் சிறிய தாள் துண்டு ஒன்றைச் செருகி, ஐந்து நிமிடத்தில் அது எவ்வளவு நனைகிறது என்று அவர்கள் அளந்து பார்க்கக்கூடும். ஷிர்மர் என்ற ஜெர்மானியர் 1903-இல் வகுத்த சோதனை இது. ஐந்து மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் கண்ணீர் மிகவும் குறைவு என்று பொருள். வலியில்லாத சோதனை, அஞ்ச வேண்டாம். அங்கே, “பார்வை தெரிகிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “எரிகிறது, உறுத்துகிறது, வேலை செய்ய முடியவில்லை” என்றும் வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாத நோயை மருத்துவர் எப்படி அறிவார்?

இரண்டாவது, சொட்டு மருந்து. மாணவியின் பாட்டி கண்ணில் ஊற்றிக்கொண்டிருந்த புட்டியை வாங்கிப் படித்துப் பார்த்தோம். அண்டை வீட்டார் சொன்னார்கள் என்று கடையில் வாங்கிய, கண் சிவப்பைப் போக்கும் மருந்து அது. அத்தகைய மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும், வறட்சியைத் தீர்க்காது. நாள்தோறும் விட்டால், நிறுத்தியவுடன் சிவப்பு முன்னிலும் அதிகமாகத் திரும்பும். கண் வறட்சிக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர் என்னும் மருந்து. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமல் காக்கும் பொருள் கலவாத வகையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எரிந்த பிறகு விடுவதைவிட, எரியும் முன்னே நேரம் வைத்து விடுவதே நல்லது. ஸ்டீராய்டு கலந்த மருந்தை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாளும் விடக்கூடாது. அது கண்ணுக்குள் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே கெடுக்கக்கூடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் ஆகியவற்றை அறுவை செய்த கண்ணில் விடவே கூடாது. அவற்றோடு கிருமியும் உள்ளே போகும்.

மருந்து விடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கீழிமையைச் சற்று இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும். புட்டியின் முனை கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. கண்ணை மூடி ஒரு நிமிடம் இருங்கள். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்த புட்டியைப் பொதுவாக ஒரு மாதத்திற்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, இமை ஒத்தடம். காயம் ஆறிவிட்டது, ஒத்தடம் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். இமைச் சுரப்பியில் உறைந்த எண்ணெய் இளகும். கண்ணை அழுத்துவதும் தேய்ப்பதும் கூடாது.

நான்காவது, வேலையிடம். நமக்கு மிகவும் முக்கியமானது இதுவே. உற்றுப் பார்க்கும் வேலையில் நாம் இமைப்பதையே மறந்துவிடுகிறோம். தையல், கையுறைச் சோதனை, கணினி எல்லாம் ஒன்றுதான். இருபது நிமிடத்திற்கு ஒரு முறை பார்வையைத் தூரத்தில் வைத்து, கண்ணை முழுவதும் மூடிப் பத்து முறை இமையுங்கள். விசிறிக் காற்றும் குளிர்சாதனக் காற்றும் முகத்தில் நேராக அடிக்காத இடத்தை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கி விடுங்கள். செம்பனைக் குலை வெட்டுபவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது தூசும் செதிலும் கண்ணில் விழும். களைக்கொல்லி மருந்து அடிப்பவர்கள்மேல் சாரல் தெறிக்கும். இவ்வேலைகளுக்கு மருத்துவர் அனுமதிக்கும் வரையில் திரும்பக்கூடாது; திரும்பிய பிறகும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்கக்கூடாது. 2015-இலும் 2019-இலும் வந்ததுபோல் புகைமூட்டம் சூழும் நாட்களில் கண்ணுக்குக் கூடுதல் கவனம் தேவை. வீட்டில் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும்கூடக் கண்ணுக்கு ஆகாதவையே.

விடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. “எம்.சி. எடுத்தால் வேலை போய்விடும்” என்று பலர் நோயை மறைக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் உள்ளவருக்கு 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் செய்தவருக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை வந்தால் 60 நாள் வரை உண்டு. 2023 ஜனவரி முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதை மறந்தால் உரிமை கைநழுவும். “தூசி, நேர்க்காற்று ஆகாது, இடையிடையே மருந்துவிட நேரம் வேண்டும்” என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குவதும் நல்லது. வாய்ச்சொல்லைவிடக் கடிதத்திற்கு மதிப்பு அதிகம். நோயினால் பழைய வேலையைத் தொடர முடியாத சந்தாதாரர்களுக்கென்று, பெர்கெசோ 2007-இல் தொடங்கிய ‘மீண்டும் வேலைக்கு’ என்னும் திட்டமும் இருக்கிறது. அருகிலுள்ள அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். எல்லா எரிச்சலும் வறட்சி ஆகிவிடாது. கடுமையான வலி, திடீரென்று பார்வை மங்குதல், நாளுக்கு நாள் ஏறும் சிவப்பு, சீழ், கண்முன் மின்னல் அல்லது திரை விழுவது போன்ற தோற்றம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.

அந்தப் பாட்டியின் கதைக்கு வருவோம். மகன் அழைத்துக்கொண்டு போக, அவர் மறுபடியும் மருத்துவரைக் கண்டார். தாள் சோதனை நடந்தது. வறட்சி என்று தெரிந்தது. சரியான மருந்து கிடைத்தது. மருத்துவரின் கடிதத்தைக் காட்டியதும், தொழிற்சாலையில் அவருடைய நாற்காலியை விசிறிக்கு எதிரிலிருந்து சுவரோரமாக மாற்றிப் போட்டார்கள். உறுத்தல் முழுவதும் மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். வெயில் கடுமையான நாட்களில் இன்னும் எரிகிறது. ஆனால் அது என்ன என்று இப்பொழுது அவருக்குத் தெரியும், வேலையையும் விடவில்லை. வறட்சியை முதலில் கவனித்த பிறகு, இரண்டாவது கண்ணுக்கும் சிகிச்சை செய்துகொண்டார்.

பேத்தி பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் கட்டம் போட்டு, மருந்து விட்ட ஒவ்வொரு வேளைக்கும் ஒரு குறி இடுகிறாள். காலை மருந்தை ஆறு மணிக்கே விட்டுவிடுவதால், பள்ளிக்கும் நேரத்தோடு வந்துவிடுகிறாள். புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பெரியவர்களே, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.