ராஜுவின் தாலந்து



சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1958இல் வெளிவந்த நாவல் 'தி கைடு'. அதற்கு 1960இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1965இல் விஜய் ஆனந்த் இயக்க, தேவ் ஆனந்த் நடிக்க, இந்தித் திரைப்படமாகவும் வந்தது. அந்தக் கதையின் நாயகன் ராஜுவைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ராஜு சுற்றுலா வழிகாட்டி. பேச்சு அவனுக்குக் கடவுள் தந்த கொடை. "எனக்குத் தெரியாது" என்று மட்டும் அவன் யாரிடமும் சொல்வதில்லை. கணவன் மதிக்காத ரோசியைப் புகழ்பெற்ற நாட்டியக்காரியாக உயர்த்துகிறான். பணம் குவிகிறது. கூடவே குடியும் சூதாட்டமும் வருகின்றன. கடைசியில் அவள் கையெழுத்தைத் தானே போட்டுச் சிறைக்குப் போகிறான்.

தாலந்து உவமையில் (மத் 25:14-30) ஒரு பணியாளர் தாலந்தைப் புதைத்தார். ராஜு புதைக்கவில்லை, நன்றாகவே வாணிகம் செய்தான். ஆனால் தாலந்து தலைவருடையது என்பதையும், ஒருநாள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்தான். திறமை அவனைக் கெடுக்கவில்லை. அது முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற எண்ணம்தான் கெடுத்தது.

சிறையிலிருந்து வந்தவனை ஒரு கிராமத்தார் சாமியார் என்று நம்புகிறார்கள். வறட்சி வருகிறது. மழைக்காக அவன் உண்ணாநோன்பு இருப்பான் என எதிர்பார்க்கிறார்கள். தப்பிக்க வழி தேடி, தன் கடந்த காலம் முழுவதையும் கிராமத்தான் ஒருவனிடம் சொல்லிவிடுகிறான். அப்போதும் அந்த மனிதன் அவனை வெறுக்கவில்லை. அதன்பின், பிடிக்காமல் தொடங்கிய நோன்பை ராஜு பிறருக்காக உண்மையாகவே கடைப்பிடிக்கிறான். படத்தில் மழை கொட்டுகிறது, அவன் இறக்கிறான். நாவலோ மழை வந்ததா என்பதை உறுதியாகச் சொல்லாமல் முடிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். மனமாற்றம் நோன்பில் தொடங்கவில்லை. உண்மையை வாய்விட்டுச் சொன்னதில் தொடங்கியது. அவன் சொன்ன காரணம்கூடத் தூய்மையானதல்ல. அச்சத்தால் வரும் மனத்துயரோடு ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருபவரையும் திருஅவை திருப்பி அனுப்புவதில்லை. இறைவனின் இரக்கத்துக்கு அந்தச் சிறு வாசலே போதும்.

பெற்றோரே, மதிப்பெண் வாங்கும் பிள்ளையை, நாலு பேர் முன் நன்றாகப் பேசும் பிள்ளையை நாம் பாராட்டுகிறோம். நல்லதுதான். அதே பிள்ளை "எனக்குத் தெரியவில்லை", "தவறு செய்துவிட்டேன்", "கடன் வாங்கிவிட்டேன்" என்று நம் முன் நிற்கும்போது, சொல்லி முடிக்கும்வரை கேட்கிறோமா? வீட்டில் உண்மையைச் சொல்ல இடம் இருந்தால், ஒரு கையெழுத்து பொய்யாவதற்கு முன்பே பிள்ளை திரும்பி வர வழி இருக்கும்.

இந்த வாரம் ஒருநாள் அப்படி உட்கார்ந்து கேட்போம். ஆமென்.