தென் அரைக்கோளத்தில் தமிழ்க் குடும்ப வாழ்வும் பருவச் சுழற்சியும்

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு, இரண்டு நாட்காட்டிகளின்படி நடக்கிறது. பண்டிகை, விரதம், திருமணம் ஆகியவற்றைத் தமிழ் மாதங்கள் தீர்மானிக்கின்றன. பள்ளி, வேலை, உடை, தோட்டம் ஆகியவற்றை அந்நாட்டின் பருவங்கள் தீர்மானிக்கின்றன. தாய்நாட்டில் இணைந்தே இருந்த மாதமும் பருவமும் அங்கு பிரிந்துவிடுகின்றன. இக்கட்டுரை ஆத்திரேலியாவின் தென்கிழக்கு நகரங்களான மெல்பேர்ண், சிட்னி ஆகியவற்றை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்தப் பிரிவு குடும்ப வாழ்வில் எங்கெல்லாம் தென்படுகிறது என்பதை விளக்குகிறது.

பருவங்கள் ஏன் எதிராக அமைகின்றன

பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்துள்ளது. சூரியனைச் சுற்றி வரும்போது ஆண்டின் ஒரு பாதியில் வட அரைக்கோளமும் மறுபாதியில் தென் அரைக்கோளமும் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கின்றன. அதனால் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் வடக்கே மிகக் குறுகிய பகலாகவும், தெற்கே மிக நீண்ட பகலாகவும் அமைகிறது.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால் அங்கு பகல் நேரம் அதிகம் மாறுவதில்லை. டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடமும், ஜூனில் சுமார் 12 மணி 50 நிமிடமும் பகல் இருக்கும். தெற்கே ஏறத்தாழ 38 பாகையில் உள்ள மெல்பேர்ணில் டிசம்பர்ப் பகல் சுமார் 14 மணி 45 நிமிடம்; ஜூன் பகல் சுமார் 9 மணி 30 நிமிடம் மட்டுமே. ஆகவே புதிதாகச் செல்பவர்கள் இரண்டு மாற்றங்களைச் சந்திக்கிறார்கள். பருவம் தலைகீழாகிறது, கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள இடைவெளியும் பெரிதாகிறது.

ஆத்திரேலியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம் என்று கணக்கிடுகிறார்கள். நாடு முழுவதும் இது பொருந்தாது. வெப்ப மண்டலத்தில் உள்ள டார்வின் நகரில் மழைக்காலம், வறண்ட காலம் என இரண்டே பருவங்கள்.

குடியேற்றப் பின்னணி

தமிழர் தென் அரைக்கோளம் செல்வது புதிதன்று. மொரீசியசிலும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலும், பின்னர் பிஜியிலும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் குடியேறினர். டர்பன் நகர மாரியம்மன் கோவில்களில் ஆடி மாதக் கூழ் வழிபாடு தலைமுறைகளாக நடந்து வருகிறது. அங்கு ஆடி என்பது குளிர்காலம். தமிழகத்தில் வெப்ப நோய்களைத் தணிக்க வேண்டி ஊற்றும் கூழ், அங்கு குளிரில் ஊற்றப்படுகிறது. மாதம் நிலைத்தது, பருவம் மாறியது என்பதற்கு இது பழைய சான்று.

ஆத்திரேலியாவில் 1901ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆசியர்களின் வருகையைத் தடுத்தது. அதன் வழிவந்த வெள்ளை ஆத்திரேலியக் கொள்கை 1973இல் முற்றாகக் கைவிடப்பட்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பெருமளவில் சென்றனர். 1990களின் இறுதியிலிருந்து கணினித் துறை, மருத்துவம் போன்ற தொழில் சார்ந்து தமிழகக் குடும்பங்களும் அதிகமாயின. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் மேல்.

தமிழ் மாதங்களும் தென்கிழக்கு ஆத்திரேலியப் பருவங்களும்

சித்திரை (ஏப்ரல் – மே): தமிழகத்தில் கத்திரி வெயில். மெல்பேர்ணில் இலைகள் பழுத்து உதிரும் காலம்; கம்பளிகளை வெளியே எடுக்கும் மாதம்.

ஆடி (ஜூலை – ஆகஸ்ட்): தமிழகத்தில் காற்றும் விதைப்பும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. மெல்பேர்ணில் நடுக்குளிர், தக்காளி, கத்தரி, வெண்டை விதைகளை மண்ணில் இடச் செப்டம்பருக்குப் பிறகே சூடு வரும்.

ஐப்பசி, கார்த்திகை (அக்டோபர் – டிசம்பர்): தமிழகத்தில் அடைமழை. மெல்பேர்ணில் வசந்தம், புல் பூத்து மகரந்தம் பறக்கும் காலம்.

மார்கழி, தை (டிசம்பர் – பிப்ரவரி): தமிழகத்தில் பனி. மெல்பேர்ணில் கடுங்கோடை, 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களும் உண்டு.

பண்டிகைகள்

பொங்கல்: தை முதல் நாள் சூரியனின் வடதிசைப் பயணத் தொடக்கமாகக் கொண்டாடப்படுகிறது. தமிழகத்தில் அது பகல் நீள்வதோடு ஒத்துப்போகிறது. சூரியன் வடக்கே நகர்வது தென்னாட்டவருக்குச் சூரியன் விலகிச் செல்வதாகும். அங்கு தை மாதத்தில் பகல் குறைந்துகொண்டு வருகிறது. குயின்சுலாந்திலும் நியூ சவுத் வேல்சின் வடபகுதியிலும் கரும்பு விளைந்தாலும், அதன் அறுவடை ஜூன் முதல் ஆண்டிறுதி வரையே. எனவே பொங்கல் அங்கு அறுவடைக் காலத்தில் வருவதில்லை.

முற்றத்தில் விறகு அடுப்பில் பொங்கல் வைப்பதிலும் ஓர் இடையூறு உண்டு. வெயிலும் காற்றும் கடுமையாகும் நாட்களில் தீயணைப்பு அமைப்புகள் முழு நெருப்புத் தடை அறிவிக்கின்றன. அன்று வெளியில் விறகோ கரியோ எரிப்பது குற்றம். இது வெறும் சம்பிரதாயத் தடை அன்று. 2009 பிப்ரவரி 7ஆம் நாள் விக்டோரியாவில் பரவிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தனர். அன்று மெல்பேர்ணில் வெப்பம் 46.4 பாகை செல்சியசைத் தொட்டது. எனவே பொங்கல் நாளுக்கு முந்தைய மாலை தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் சமையலறை அடுப்பிலேயே பால் பொங்க வைப்பது முறையாகிவிட்டது. வேலை நாளில் பொங்கல் வந்தால் வீட்டுப் படையல் அன்று காலையிலும், ஊர்கூடும் விழா அடுத்து வரும் சனி, ஞாயிறுகளிலும் நடைபெறுகின்றன.

தீபாவளி, கார்த்திகை: விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், தெற்கு ஆத்திரேலியா, தாசுமேனியா ஆகிய மாநிலங்களிலும் தலைநகரப் பகுதியிலும் அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள்; ஏப்ரல் முதல் ஞாயிறன்று பழைய நேரத்துக்குத் திரும்புவார்கள். அதனால் நவம்பர் தொடக்கத்தில் மெல்பேர்ணில் சூரியன் மறைய இரவு 8 மணி ஆகிறது. விளக்கீட்டன்று இன்னும் தாமதமாகும். மறுநாள் பள்ளி செல்ல வேண்டிய சிறுவர் உறங்கும் வேளையில்தான் அகல் ஏற்ற இருட்டுகிறது. பட்டாசைப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இன்றி வெடிக்க முடியாது.

நாள் குறித்தல்: சூரியன் மகர ராசியில் நுழைவது உலகெங்கும் ஒரே நொடி. ஆனால் கோடையில் மெல்பேர்ண் கடிகாரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முந்தியிருப்பதால் தேதி மாறக்கூடும். திதிக்கும் இது பொருந்தும். ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே பின்பற்றாமல், உள்ளூர் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தையோ அருகிலுள்ள கோவிலின் அறிவிப்பையோ பார்ப்பது நல்லது.

பள்ளி ஆண்டும் உறவினர் சந்திப்பும்

ஆத்திரேலியப் பள்ளி ஆண்டு ஜனவரி இறுதியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. சுமார் பத்து வாரங்கள் கொண்ட நான்கு பருவங்கள் உண்டு. நீண்ட விடுமுறை டிசம்பர் மூன்றாம் வாரம் முதல் ஜனவரி இறுதி வரை. தமிழகப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில். அதனால் சித்தப்பா பிள்ளையும் பெரியப்பா பிள்ளையும் சேர்ந்து விளையாட அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் மட்டுமே எஞ்சுகின்றன.

திருமணங்களிலும் இதே நெருக்கடி. விடுமுறையின் முற்பாதி மார்கழியில் போய்விடும்; மார்கழியில் திருமணம் நடத்துவதில்லை. தை பிறந்து பள்ளி திறப்பதற்குள் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். குடும்பத்தோடு வர வேண்டிய அத்தை, மாமாவுக்காகப் பல வீடுகளில் முகூர்த்தத்தை அந்த இரண்டு வாரத்துக்குள் தேடுகிறார்கள். ஊரில் உள்ளவர்கள் நாள் குறிக்கும் முன் இதை மனத்தில் கொண்டால் பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கலாம்.

தொலைபேசி அழைப்பிலும் பருவம் உண்டு. மெல்பேர்ணில் இரவு 8 மணி என்றால் கோடையில் சென்னையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. ஏப்ரலிலும் அக்டோபரிலும் "ஏன் இன்று நேரம் தவறிவிட்டது?" என்று பெரியவர்கள் கவலைப்படாதிருக்க, கடிகாரம் மாறும் நாளை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

வீடும் தோட்டமும்

மெல்பேர்ணில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்குப் பக்கமே நிற்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெயில் வர வேண்டுமானால் கூடம் வடக்கு நோக்கி இருக்க வேண்டும். துணி உலர்த்தும் கொடியும் செடித் தொட்டியும் வடபுறத்திலேயே இடம் பிடிக்கின்றன.

கறிவேப்பிலைச் செடியை ஊரிலிருந்து எடுத்துச் செல்ல முடியாது. எலுமிச்சை இனப் பயிர்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சிக்கு அது உணவுச் செடி என்பதால் கடுமையான தடை உள்ளது. உள்ளூர் நாற்றங்காலில் வாங்கித் தொட்டியில் வளர்ப்பார்கள். குளிரில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடக் கூடாது. தண்ணீரைக் குறைத்து, பனி படாத சுவரோரம் வைத்தால் வசந்தத்தில் துளிர்க்கும். மாம்பழம் நவம்பர் முதல் ஜனவரி வரை மலிவாகக் கிடைக்கும். சித்திரை வருடப் பிறப்பில் மாங்காய்ப் பச்சடிக்குத்தான் தட்டுப்பாடு. வேப்ப மரம் வெப்பமான வட மண்டலத்தில் களைச்செடியாக அறிவிக்கப்படும் அளவுக்குப் பரவியுள்ளது, மெல்பேர்ணில் அரிது.

உடல்நலம்

வசந்தத்தில் கவனம் தேவை. 2016 நவம்பர் 21 அன்று மெல்பேர்ணில் இடிமழையோடு புல் மகரந்தம் நுண்துகள்களாகச் சிதறிப் பரவியதில், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நாடினர். 10 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களின் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட மிகுதி. இதற்கு முன் ஆசுத்துமா இல்லாதவர்களும், வசந்தத்தில் மூக்கொழுகலும் தும்மலும் மட்டுமே கொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை தும்மல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உறிஞ்சு மருந்தைக் கையில் வைத்திருப்பதும், இடிமழைக் காற்று வரும்போது சன்னல்களை மூடி உள்ளே இருப்பதும் அவசியம்.

கோடையில் புற ஊதாக் கதிர் கடுமை. கதிர்க் குறியீடு 3ஐ எட்டினால் தொப்பியும் பூச்சும் தேவை. தொப்பி இல்லாத பிள்ளையைப் பள்ளியில் வெயிலில் விளையாட விடமாட்டார்கள்.

ஊரிலிருந்து வரும் தாத்தா, பாட்டி மே விடுமுறை என்று எண்ணிப் புறப்பட்டால் நேரே குளிரில் இறங்குவார்கள்; மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், பகலில் வீட்டில் பேச ஆள் இருக்காது. மார்ச், ஏப்ரல் மாதங்களோ அக்டோபர், நவம்பர் மாதங்களோ முதியவர்களுக்கு ஏற்றவை. மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு முன்னதே நல்லது.

மண்ணின் பருவங்கள்

நான்கு பருவக் கணக்கை ஐரோப்பியர் கொண்டுவந்தனர். அதற்கு முன்பே அந்நிலத்தின் தொல்குடிகளுக்குச் சொந்தக் கணக்கு இருந்தது. பேர்த் நகரைச் சூழ்ந்த தென்மேற்குப் பகுதியின் நூங்கார் மக்கள் பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங் என ஆறு பருவங்களைக் கொள்கின்றனர். தமிழிலும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நடுக்குளிரில் விடியலுக்கு முன் தோன்றும் மத்தாரிக்கி விண்மீன் கூட்டத்தைக் கண்டு புத்தாண்டு கொண்டாடுகின்றனர். 2022 முதல் அது அங்கு அரசு விடுமுறை. மத்தாரிக்கி என்பது நாம் கார்த்திகை என்று அழைக்கும் அதே கூட்டம். ஒரே விண்மீன்கள் இங்கே விளக்கீட்டுக்கும் அங்கே புத்தாண்டுக்கும் குறியாக நிற்கின்றன.

பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது

"தை குளிர்காலம்" என்று தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, வெளியே 38 பாகை வெயிலைப் பார்க்கிறது. பாடம் பொய் என்று அது நினைத்துவிட்டால் மாதப் பெயர்கள் மனப்பாடத்தோடு நின்றுவிடும். "தாத்தா ஊரில் பனி, நம் ஊரில் வெயில், இரண்டும் உண்மை" என்று இரு ஊரையும் சேர்த்துச் சொல்வதே சரியான முறை.

இதற்கு ஓர் எளிய செயல்முறை உண்டு. டிசம்பர் 21 அன்று சென்னையில் தாத்தாவும் மெல்பேர்ணில் பேரப் பிள்ளையும் ஆளுக்கு ஒரு 100 செ.மீ. குச்சியை நிமிர்த்தி நட வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், அதாவது சென்னையில் சுமார் 12.10க்கும் மெல்பேர்ணில் சுமார் 1.20க்கும், நிழலை அளக்க வேண்டும். சென்னையில் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 74 செ.மீ.; மெல்பேர்ணில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 26 செ.மீ. ஜூன் 21 அன்று மறுபடி அளந்தால் சென்னையில் தெற்கு நோக்கி 18 செ.மீ.; மெல்பேர்ணில் தெற்கு நோக்கியே 182 செ.மீ., பிள்ளையைவிட நீளம். அளவுகளைத் தொலைபேசியில் பரிமாறி ஒரே தாளில் எழுதிவைக்கலாம்.

"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பதற்கும் அங்கு ஒரு பொருள் உண்டு. தை பிறந்த இரண்டே வாரத்தில் பள்ளி திறக்கிறது. புதிய வகுப்பும் புதிய புத்தகமும் அப்போதுதான். அறுவடை இல்லாவிட்டாலும் தை அங்கும் தொடக்க மாதமே.