மாடியில் கீரை, பட்ஜெட்டில் துண்டு: தலைநகரின் உழைப்பாளிக் குடும்பங்கள்

புதுதில்லி:

தில்லியின் வாரச் சந்தைகளுக்குக் கிழமைதான் பெயர். திங்களன்று கூடினால் சோம் பஜார். செவ்வாயன்று கூடினால் மங்கள் பஜார். புதனன்று கூடினால் புத் பஜார். மாலை ஐந்து மணிக்கே கடைகள் விரிக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்களும் கட்டுமானத் தொழிலாளர் குடும்பத்தினரும் பையை எடுத்துக்கொண்டு புறப்படுவது இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான். கடையைக் கட்டும் நேரத்தில் வியாபாரி எடைக்கற்களை ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தைக் கூறு கட்டி விற்பார். வாடிய கீரை, நசுங்கிய தக்காளி, முனை கறுத்த காலிஃபிளவர் ஆகியவை அந்த நேரத்தில் மலிவாகக் கிடைக்கும். அதில் மிச்சமாகும் பத்தும் இருபதும் மறுநாள் குழந்தையின் பாலுக்கு உதவும்.

காய்கறி வாங்குவோருக்கு ஒரு பிடி கொத்தமல்லியும் நான்கு பச்சை மிளகாயும் கொசுறாகத் தருவது தில்லி வியாபாரிகளின் நெடுநாள் வழக்கம். விலை ஏறும்போது முதலில் மறைவது இந்தக் கொசுறுதான். விலைவாசிக் குறியீட்டெண்ணை அரசு வெளியிட மறு மாதம் ஆகும். கொசுறு நின்ற அன்றே குடும்பத் தலைவிக்குச் செய்தி எட்டிவிடுகிறது.

அந்தக் கொத்தமல்லியையும் மிளகாயையும் வீட்டிலேயே வளர்த்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம்தான், தலைநகரின் நெரிசலான குடியிருப்புகளில் காணப்படும் டப்பாத் தோட்டங்களுக்குத் தொடக்கம். உடைந்த பக்கெட், பெயிண்ட் டப்பா, சிமெண்ட் சாக்கு, பழக்கடையில் வீசியெறியப்பட்ட தெர்மோகோல் பெட்டி ஆகிய எல்லாவற்றிலும் மண் நிரப்பப்படுகிறது. படிக்கட்டின் ஓரத்திலும், தகரக் கூரையின் விளிம்பிலும், ஜன்னல் கம்பியிலும் அவை இடம்பிடித்துவிடுகின்றன. இது பொழுதுபோக்கு அல்ல. துண்டு விழும் குடும்பக் கணக்கை ஓரளவேனும் ஈடுகட்டும் முயற்சியாகும்.

வருமானமும் விலையும்

ஒருவர் நாள்தோறும் 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது மாதம் 48 கிலோ. சராசரியாகக் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதச் செலவு 1,920 ரூபாய். தில்லியில் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த, திறன் சாராத் தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காய்கறிக்கே போய்விடும். விலை இரட்டிப்பானால் ஐந்தில் ஒரு பங்கு போகும். சட்டப்படியான இந்த ஊதியமும் வீட்டு வேலை செய்யும் பெண்கள் பலருக்குக் கைக்கு எட்டாதது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் கீழே சென்றால் நிலைமை மேலும் கடுமையானது. 2023-24ஆம் ஆண்டுக்கான குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற மக்களில் அடிமட்டத்தில் உள்ள 5 சதவீதத்தினர் மாதத்துக்குச் செலவிடும் தொகை தலைக்கு 2,376 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 79 ரூபாய். அரிசி, கோதுமை, எண்ணெய், எரிவாயு, மருந்து, பேருந்துக் கட்டணம் அனைத்தும் இதற்குள் அடக்கம். பரிந்துரைக்கப்பட்ட 400 கிராம் காய்கறியைக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால் 16 ரூபாய். 80 ரூபாய்க்கு வாங்கினால் 32 ரூபாய். எனவே, விலை ஏறும்போது இக்குடும்பங்கள் காய்கறியை விட்டுவிட்டு ரொட்டிக்கு உருளைக்கிழங்கும், சோற்றுக்கு ஊறுகாயும் தொட்டுக்கொள்கின்றன.

விலை ஏற்ற இறக்கமோ சாதாரணமானதல்ல. 2023 ஜூலையில் நாட்டின் சில்லரைப் பணவீக்கம் 7.44 சதவீதமாக இருந்தபோது, காய்கறிகளின் விலை மட்டும் முந்தைய ஆண்டைவிட 37 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. தக்காளி விலை மும்மடங்கானது. மத்திய அரசின் ஏற்பாட்டில் தில்லி வீதிகளில் வேன்களில் தக்காளி கொண்டுவரப்பட்டு, முதலில் கிலோ 90 ரூபாய்க்கும் பின்னர் படிப்படியாகக் குறைத்தும் விற்கப்பட்டது. ஒருவருக்கு 2 கிலோ என வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 2024 அக்டோபரில் காய்கறி விலை உயர்வு மீண்டும் 42 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நிலைமை தலைகீழானது. காய்கறி விலை 27 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. ஏறினால் வாங்குவோருக்கு அடி. இறங்கினால் விளைவித்தவருக்கு அடி.

இதன் அரசியல் விளைவைத் தில்லி நன்கறியும். 1998இல் வெங்காய விலை உயர்வு சுஷ்மா ஸ்வராஜ் தலைமையிலான பாஜக அரசைச் சாய்த்தது. ஷீலா தீட்சித் முதல்வரானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2013இல் ஷீலா தீட்சித் ஆட்சியை இழந்தபோதும் வெங்காய விலை பேசுபொருளாக இருந்தது. ஆட்சிகள் மாறிய பின்னும் குடும்பங்களின் காய்கறிக் கணக்கு மாறவில்லை.

டப்பாவில் விளைவது என்ன?

இந்தச் சிறு தோட்டங்களால் கிடைக்கும் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை விதைக்கப்படும் பாலக் கீரை ஒரு மாதத்தில் முதல் அறுவடைக்கு வந்துவிடும். வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் இரண்டு, மூன்று வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். வெந்தயக் கீரைக்கும் ஏறத்தாழ அதே காலம்தான். விதைக்கெனத் தனியாகச் செலவிடவும் வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமே போதும். நான்கைந்து டப்பா இருந்தால் வாரத்தில் ஒரு நாள் பருப்போடு சேர்த்துச் சமைக்கக் கீரை உண்டு. இரண்டு மிளகாய்ச் செடிகள் ஒரு குடும்பத்தின் தேவையைப் பெருமளவு ஈடுகட்டும். தலைநகரில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா ஜ்வாலா' மிளகாய் நாடெங்கும் பெயர் பெற்றது. அந்நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் வேளாண் கண்காட்சியில் காய்கறி விதைகளும் விற்பனைக்கு வருகின்றன.

கோடையின் தொடக்கத்திலோ மழைக்கு முன்போ ஊன்றும் சுரை, பீர்க்கு விதைகள் கொடியாகிக் கூரைமேல் படர்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை, சந்தையில் விலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில், இக்கொடிகள்தான் கைகொடுக்கின்றன. வெயில் நேரடியாகத் தகரத்தில் இறங்காமல் தடுப்பது இவற்றின் இன்னொரு உபகாரம்.

ஆனால் எல்லையும் உண்டு. கீரை செழித்து வளரும் குளிர்காலத்தில் சந்தையிலும் கீரை, முள்ளங்கி, காலிஃபிளவர், பச்சைப் பட்டாணி மலிவாகவே கிடைக்கின்றன. காய்கறி தேவைப்படும் மே, ஜூன் மாதங்களில், வெப்பம் 45 டிகிரியைத் தொடும்போது, டப்பாவில் உள்ள கையளவு மண் ஒரே பகலில் காய்ந்துவிடும். குடும்ப பட்ஜெட்டை ஆட்டிப்படைக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய மூன்றையும் தேவையான அளவுக்கு மாடியில் விளைவிப்பது இயலாத காரியம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 580 கிலோ காய்கறி வேண்டும். பத்து டப்பாக்கள் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் தரும்.

இடம் எங்கே?

மண்ணும் வெயிலும் உள்ள ஓரிடம் வேண்டும் என்பதுதான் வீட்டுத் தோட்டத்தின் முதல் நிபந்தனை. தில்லியில் உழைப்பாளிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ பத்தாண்டுக்குப் பத்தாண்டு சுருங்கிவந்துள்ளது. 1960களின் தொடக்கத்தில் குடிசைவாசிகளை மறுகுடியமர்த்தியபோது தரப்பட்ட மனை 80 சதுர கஜம். பின்னர் அது 25 சதுர கஜமாக, அதாவது ஏறத்தாழ 21 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2006இல் நகரின் மேற்கு எல்லையில் உருவாக்கப்பட்ட சாவ்தா கேவ்ராவில் கிடைத்தவை 18 சதுர மீட்டர் மனைகளும் பன்னிரண்டரை சதுர மீட்டர் மனைகளுமே. சமையல், உறக்கம், குளியல் அனைத்துக்கும் அந்த இடத்தையே பங்கிட்ட பின், செடிக்கு மிஞ்சுவது மாடிப்படியின் விளிம்பு மட்டுமே.

தலைநகரத் தமிழர்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. மத்திய அரசுப் பணிக்காக வந்து சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், தரைத்தளக் கொல்லைகளில் கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்த்தன. 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி, இவை உள்ளிட்ட ஏழு குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாக மாற்றப்படுகின்றன. கொல்லைகளும் அவற்றோடு மறைகின்றன. அரசுக் குடியிருப்பு கிடைக்காத தமிழ்த் தொழிலாளர்கள் பாராபுல்லா கால்வாய் ஓரத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த மதராசி முகாம் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 குடும்பங்களில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியானவையாக அறிவிக்கப்பட்டன. அவற்றுக்கு ஒதுக்கப்பட்டவை நகரின் வடக்கு எல்லையான நரேலாவில் உள்ள அடுக்குமாடி வீடுகள். வேலை கிடைக்கும் வீடுகளும் மலிவுச் சந்தையும் தொலைவாகிப் போனால், மிச்சமாகும் காசு பயணத்துக்குப் போய்விடுகிறது.

நகருக்குள்ளேயே காய்கறி விளைந்த யமுனைச் சமவெளியும் இப்போது கைவிட்டுப் போகிறது. நதியில் கலந்த கழிவுகளால் விளைபொருள்களில் கன உலோகங்கள் சேர்வதைச் சுட்டிக்காட்டி, அங்கே உணவுப் பயிர் சாகுபடிக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் தடை விதித்தது. நச்சுக் காய்கறியை யாரும் ஆதரிக்க முடியாது. எனினும் நதியைக் கெடுத்தது அங்கே பயிரிட்ட குத்தகை விவசாயி அல்ல. வாழ்வாதாரத்தை இழந்தது மட்டும் அவர்தான்.

தண்ணீரும் நேரமும்

2015 முதல் தில்லியில் மீட்டர் இணைப்புள்ள வீடுகளுக்கு மாதம் 20 ஆயிரம் லிட்டர் வரை குடிநீர் இலவசமாக வழங்கப்பட்டுவந்துள்ளது. இணைப்பே இல்லாத பகுதிகளுக்கு டேங்கர் லாரிதான் கதி. 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குழாயால் காரைக் கழுவினால் 2,000 ரூபாய் அபராதம் என அறிவிக்கப்பட்டது. டேங்கருக்குக் குடத்தோடு காத்திருப்போர் செடிக்கு ஊற்றுவது அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைத்தான். அந்த நீரைச் சேமிப்பது, மண்ணைக் கிளறுவது, பூச்சி விழுந்த இலையைக் கிள்ளுவது என எல்லா வேலையும் பெண்கள்மீதே விழுகிறது. நாலைந்து வீடுகளில் வேலை செய்துவிட்டு இரவுச் சந்தைக்கும் போய்வரும் பெண்ணுக்கு இது கணக்கில் சேராத இன்னொரு வேலை.

அறிவுரையும் பொறுப்பும்

வீட்டில் காய்கறி வளர்க்குமாறு அரசுகள் மக்களைக் கேட்டுக்கொள்வது புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதிக உணவு உற்பத்தி இயக்கம் நடந்தது. 1965இல் உணவு நெருக்கடியின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தமது அதிகாரபூர்வ இல்லத்தின் புல்வெளியையே உழுது பயிரிட்டார். இப்போது ஆண்டுதோறும் செப்டம்பரில் கடைப்பிடிக்கப்படும் ஊட்டச்சத்து மாதத்திலும், அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்குமாறு வலியுறுத்தப்படுகிறது. தலைநகரிலோ அங்கன்வாடிகள் பலவும் வாடகை அறைகளில் இயங்குகின்றன. சாஸ்திரிக்குப் புல்வெளி இருந்தது. அங்கன்வாடிக்கு முற்றமே இல்லை.

இந்த அறிவுரையின் பின்னே உள்ள பிரச்சனையோ மிகப் பெரியது. 2019-21ஆம் ஆண்டுகளுக்கான தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை உள்ளது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாதம் 5 கிலோ தானியத்துக்கு உத்தரவாதம் தருகிறது. 2023 ஜனவரி முதல் அது இலவசமாகவும் ஆனது. வயிறு நிறைய அது உதவுகிறது. இரும்புச் சத்துக்கு வழிசெய்யும் பருப்போ கீரையோ அதில் இல்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷன் கடைகளில் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் வழங்கப்படுகின்றன. தலைநகரில் அது போன்ற நிரந்தர ஏற்பாடு இல்லை.

நுகர்வோர் கொடுக்கும் பணம் விவசாயிக்குச் சேர்வதுமில்லை. ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, தக்காளிக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயி பெறுவது 33 காசு. வெங்காயத்துக்கு 36 காசு. உருளைக்கிழங்குக்கு 37 காசு. இம்மூன்றின் விலையையும் நிலைப்படுத்தவென 2018-19 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயுடன் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' அறிவிக்கப்பட்டது. அதன் பிறகுதான் 2023, 2024ஆம் ஆண்டுகளின் விலையேற்றங்கள் வந்தன.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள், இடைத்தரகர் இன்றி விவசாயியே விற்க வழிவகுத்தன. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர் குழுக்கள் பல்லாயிரக்கணக்கில் குத்தகை நிலத்தைப் பெற்றுக் கூட்டாகப் பயிரிடுகின்றன. அங்கே காய்கறி வளர்ப்பது தனிக் குடும்பத்தின் சாமர்த்தியமாக மட்டும் விடப்படவில்லை. நிலம், கடன், பயிற்சி மூன்றுக்கும் பொது ஏற்பாடு உண்டு. தில்லியிலும் மறுகுடியேற்றக் காலனிகளின் பொது இடங்களில் மகளிர் குழுக்களுக்குப் பாத்தி ஒதுக்குவதும், சுத்திகரித்த நீரைப் பாசனத்துக்கு வழங்குவதும், ரேஷன் கடையில் பருப்பைச் சேர்ப்பதும் இயலாத செயல்களல்ல.

பெயிண்ட் டப்பாவில் கீரை வளர்க்கும் பெண் தன் பங்கைச் செய்துவிட்டார். அவருக்கு இனி வேண்டியது அறிவுரை அல்ல; ஒரு பாத்தி நிலம், ஒரு குடம் தண்ணீர், இரவு ஒன்பது மணி வரை காத்திராமல் வாங்கக்கூடிய விலை. இவற்றைத் தரவேண்டிய பொறுப்பு அரசினுடையது.