மாத்திரையை நிறுத்தினால் பதற்றம் ஏன் கூடுகிறது?

அல்பிரஸோலம், குளோனஸெபாம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகள், நரம்புகளை அடக்கும் 'காபா' என்ற மூளை வேதிப்பொருளுக்குக் கைகொடுப்பவை. மாதக்கணக்கில் இந்த உதவி கிடைத்தால் காபாவை உணரும் ஏற்பிகள் மந்தமாகிவிடும். திடீரென நிறுத்தினால் நரம்புகளை அடக்க ஆளில்லை. தூக்கம் போகும், கை நடுங்கும், பதற்றம் முன்னைவிட மூர்க்கமாக வரும். சிலருக்கு வலிப்பே வரலாம். நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்து பலர் மறுபடி மாத்திரைக்கே போய்விடுகிறார்கள். பல நேரம் அது நோயே அல்ல, ஏற்பிகள் தேறும் வரையிலான தவிப்பு. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே சிகிச்சை மையம் நடத்திய மருத்துவர் ஹெதர் ஆஷ்டன், நோயாளிகளை உடலில் நெடுநேரம் தங்கும் டயஸெபாம் என்ற அதே வகை மாத்திரைக்கு மாற்றி, அளவைச் சிறுகச் சிறுகக் குறைத்தார். மாதங்கள் ஆகும்; ஆகட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே குறைக்கும் முறையையும் கேளுங்கள்.