சூட்டு வலியா, பிரசவ வலியா?

நடுராத்திரி. நிறைமாதக்காரிக்கு அடிவயிறு இறுகுகிறது. வீடு மொத்தமும் எழுந்துவிடுகிறது. ஒருவர் ஆட்டோவுக்கு ஓடுகிறார், ஒருவர் பையைத் தேடுகிறார். ஆஸ்பத்திரியில் செவிலியர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இது சூட்டு வலிதாம்மா, வாய் இன்னும் திறக்கல, வீட்டுக்குப் போங்க" என்கிறார். திரும்பி வரும் வழியில் அந்தப் பெண்ணுக்கு வலியைவிட வெட்கமே பெரிதாக இருக்கும். இதுகூடத் தெரியாமலா கிளம்பினோம் என்று.

அந்த வெட்கத்துக்கு அவசியமே இல்லை. அது எந்த வலி என்பது அந்த நிமிடத்தில் செவிலியருக்கும் முழுதாகத் தெரியாது. வலி எப்படி இருக்கிறது என்பதைவிட, அது எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்ல நேரம் ஆகும்.

கர்ப்பப்பை ஒரு தசைப் பை. பிரசவ நாளில்தான் அது முதன்முதலாக இறுகுகிறது என்று நினைத்தால் தவறு. கர்ப்ப காலம் நெடுக அது இறுகி இறுகித் தளர்ந்துகொண்டே இருக்கிறது. இதை 1872-ல் விரிவாக எழுதியவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற லண்டன் மருத்துவர். இன்று சூட்டு வலிக்கு, அதாவது பொய் வலிக்கு, அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் இதைப் பொய் வலி என்று எழுதவில்லை. சிறுநீரைச் சோதித்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இல்லாத காலம் அது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் இறுகித் தளர்வது தெரிந்தால், வயிற்றில் இருப்பது கட்டியல்ல, பிள்ளைதான் என்று சொல்லலாம் என்பதே அவருடைய வாதம்.

கடைசி வாரங்களில் இந்த இறுக்கம் கூடுகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்த நாள், சிறுநீரை அடக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த நாள், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த நாள் என்றால் இன்னும் அதிகம். நம் பாட்டிகள் இதைச் "சூட்டு வலி" என்றார்கள். உடம்புச் சூடு என்ற விளக்கத்தை மருத்துவம் ஏற்காது. ஆனால் சித்திரை வெயிலில் உடம்பு நீர் வற்றினால் வயிறு இறுகும் என்று அவர்கள் கண்டது சரியான கவனிப்பு.

சூட்டு வலிக்கு ஒழுங்கு கிடையாது. பத்து நிமிடத்தில் ஒன்று வரும், அடுத்தது அரை மணி கழித்து வரும், பிறகு காணாமலே போகும். பெரும்பாலும் அடிவயிற்றிலோ ஒரு பக்கத்திலோ நிற்கும். எழுந்து நடந்தாலோ, படுத்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ அடங்கும். பிரசவ வலி யார் பேச்சையும் கேட்காது. முதுகில், இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும். இடைவெளி குறையும், நீளம் கூடும், பலமும் கூடும். நடந்தால் இன்னும் வேகமெடுக்கும். "இடுப்பு வலி வந்திருச்சு" என்று பிரசவத்தைச் சொல்வது காரணமில்லாமல் அல்ல.

நேரம் பார்க்கும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுகிறார்கள். ஒன்று தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரைதான் இடைவெளி. காகிதத்தில் மணியைக் குறித்துக்கொண்டாலே போதும். ஒவ்வொரு வலியும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இறுக்கத்தின் பலத்தை அளக்க, மருத்துவச்சிகள் பயிற்சியில் கற்கும் எளிய வழி ஒன்று உண்டு. வலி வரும்போது தொப்புளுக்கு மேலே விரல் நுனியால் அழுத்த வேண்டும். மூக்கு நுனி போல அமுங்கினால் லேசான இறுக்கம். முகவாய் போல இருந்தால் நடுத்தரம். நெற்றி போல விரல் இறங்காமல் நின்றால் பலமான இறுக்கம்.

இவ்வளவும் வெளியே தெரிவது. உள்ளே நடப்பதுதான் கடைசித் தீர்ப்பு. கர்ப்பப்பை வாய் மாதக்கணக்கில் மூடி, தடித்து, நீண்டு இருக்கிறது. அது மிருதுவாகி, காகிதம் போல மெலிந்து, பிறகு திறக்க வேண்டும். "ஒரு விரல்", "ரெண்டு விரல்" என்று செவிலியர்கள் சொல்வது இந்தத் திறப்பைத்தான். பொய் வலியில் எத்தனை மணி நேரம் இறுகினாலும் வாய் அப்படியே இருக்கும். ஒரு முறை சோதித்தால் அந்த நேரத்தில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கவிட்டு மறுபடி பார்த்து, மாற்றம் இருந்தால்தான் பிரசவம் தொடங்கியது என்று சொல்ல முடியும். பிரசவ வார்டு நடைபாதையில் பெண்கள் மெல்ல நடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அவர்களில் பலர் இந்தச் சோதனையில் இருப்பவர்கள்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. குழப்பமெல்லாம் அங்கேதான். வலி உண்மை, வாயும் மெல்லத் திறக்கிறது, ஆனால் பிள்ளை வர நேரமிருக்கிறது. இதை மறைநிலைக் கட்டம் என்கிறார்கள். 1950-களில் நியூயார்க்கில் ஈமானுவேல் ஃப்ரீட்மன் பெண்களின் பிரசவ நேரத்தை வரைபடமாக்கினார். தலைச்சன் பிரசவத்தில் இந்தக் கட்டம் 20 மணி நேரத்தையும், அடுத்த பிரசவங்களில் 14 மணி நேரத்தையும் தாண்டினால்தான் நீண்டுவிட்டதாகக் கொள்ளலாம் என்றார். இதற்கு அடுத்து வரும் வேகமான கட்டம், வாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் திறந்ததுமே தொடங்கிவிடும் என்று வெகுகாலம் நம்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அதை 5 சென்டிமீட்டர் என்று தள்ளி வைத்தது. அதற்கு முன்னால் வரும் கட்டம் இவ்வளவு நேரம்தான் என்று வரையறுக்க முடியாது, ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொன்னது. ஆக, நேற்று இரவு "பொய் வலி" என்று திருப்பி அனுப்பப்பட்டவர் இன்று மாலை பிள்ளை பெற்றால் யாரும் பொய் சொல்லவில்லை. நேற்றைய வலியும் தன் பங்கு வேலையைச் செய்திருக்கலாம். பொய் வலி என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை.

சினிமா நம்மைக் கெடுத்துவைத்திருக்கிறது. பனிக்குடம் உடையும், பெண் அலறுவாள், அடுத்த காட்சியில் பிள்ளை அழும். நிஜத்தில் நிறைமாதத்தில் நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குத்தான் வலிக்கு முன் பனிக்குடம் உடைகிறது. ரத்தம் கலந்த சளி போலக் கொஞ்சம் வெளியேறினால் வாய் தயாராகிறது என்று பொருள். அதிலிருந்து வலி எடுக்கச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம்.

இனி சீரகக் கஷாயத்துக்கு வருவோம். வலி என்றதும் சீரகத்தைக் கொதிக்கவைத்து, கருப்பட்டி போட்டு, சில வீடுகளில் வெண்ணெயும் சேர்த்துக் கொடுப்பார்கள். சூட்டு வலியானால் அடங்கும், பிள்ளை வலியானால் கூடும் என்பது கணக்கு. சீரகத்துக்கு அந்தச் சக்தி இருக்கிறதென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சர்க்கரை, அதைக் குடித்துவிட்டுப் படுத்து ஒரு மணி நேரம் காத்திருப்பது ஆகியவை நல்ல சோதனைதான். மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் கழியுங்கள், இடது பக்கம் சாய்ந்து படுங்கள், அடங்குகிறதா பாருங்கள். விளக்கெண்ணெய் கொடுத்து வலியைத் தூண்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வாந்தியும் பேதியுமாகி, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு அதிலேயே போய்விடும்.

சரி, சந்தேகம் வந்தவுடன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டால் என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பெருமைக்குரிய விஷயம்தான். அதே ஆய்வில், ஏறக்குறைய 45 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை என்றும் இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் வாய் திறக்கும் முன்பே அனுமதிக்கப்படும் பெண்களுக்கு ஊசி மருந்தும் அறுவையும் அதிகமாக நடப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. படுக்கையில் படுத்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. "இன்னும் முன்னேற்றம் இல்லையே" என்ற கவலை மருத்துவர், குடும்பம் இரு தரப்பையும் பிடித்துக்கொள்கிறது. எனவே சிக்கலில்லாத தலைச்சன் பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் என்ற கணக்கு வரும்வரை வீட்டில் இருக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. ஆஸ்பத்திரி தூரமென்றால் முன்பே கிளம்ப வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளையென்றால் இந்தக் கணக்கை நம்பி உட்காராதீர்கள், அவை வேகமாக வரும்.

கணக்கே பார்க்காமல் கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு. 37 வாரம் முடிவதற்குள் வயிறு விட்டுவிட்டு ஒழுங்காக இறுகினால் அது சூட்டு வலியா என்று வீட்டில் முடிவு செய்யக் கூடாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் முதல் வலியிலேயே போக வேண்டும். பனிக்குட நீர் கசிந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். சிறுநீரா, பனிக்குட நீரா என்று சந்தேகமானால் சுத்தமான துணி வைத்துப் பாருங்கள். கசிந்துகொண்டே இருந்தால் பனிக்குட நீர்தான் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, தாமதிக்க நேரமில்லை. மாதவிலக்கு போல ரத்தம் போவது, வயிறு தளரவே தளராமல் பலகைபோல் இருப்பது, கடும் தலைவலியோடு கண் மங்குவது ஆகியவையும் அப்படித்தான். பிள்ளையின் அசைவு குறைந்தால் "கடைசி மாசத்துல அப்படித்தான், இடம் இல்லாம அடங்கியிருக்கும்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். நிறைமாதத்திலும் பிள்ளை வழக்கம்போல அசைய வேண்டும்.

கர்ப்பப் பதிவு அட்டை, ஸ்கேன் தாள்கள், கர்ப்பப் பதிவின்போது அரசு தரும் பிக்மி எண் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டதால் அடுத்த வலியில் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடும் பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மூன்றாவது முறையும் போங்கள். 108 ஆம்புலன்ஸ் எத்தனை முறை வந்தாலும் கட்டணம் கிடையாது.