தக்கயாசு நாடியழற்சி: கனலும் தழும்பும்

1908 ஆம் ஆண்டில் யப்பானியக் கண் மருத்துவரான மிகிதோ தக்கயாசு, 21 வயதுப் பெண்ணொருவரின் விழித்திரைக் குருதிக்கலன்களில் தாம் கண்ட மாற்றங்களை அறிவித்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் நோய், பெருநாடியையும் அதன் பெருங்கிளைகளையும் தாக்கும் அழற்சியாகும். பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களே இதற்கு ஆளாகின்றனர். நாடிச்சுவர் தடித்து உட்குழாய் ஒடுங்குவதால், மணிக்கட்டில் துடிப்பே அற்றுப்போதலும் உண்டு.

நோயை இனங்காண்பதிலும் கடினமானது, அது கனன்றுகொண்டிருக்கின்றதா, தணிந்துவிட்டதா எனத் தீர்மானிப்பதாகும். ஒடுங்கிய நாடி நடப்பு அழற்சியின் விளைவாகவும் இருக்கலாம். என்றோ தணிந்த அழற்சியின் தழும்பாகவும் இருக்கலாம். தழும்பை அழற்சியெனக் கொண்டால், இளம்பெண்ணொருத்தி தேவையற்ற ஸ்டீரொயிட்டு மருந்தினால் என்புத்தேய்வுக்கும் தொற்றுக்கும் ஆளாவாள். அழற்சியைத் தழும்பெனக் கொண்டாலோ, நாடிகள் மேலும் ஒடுங்கிப் பக்கவாதம் நேரலாம்.

செங்குழியப் படிவு வீதமும் சி-தாக்கப் புரதமும் அழற்சியின் வழக்கமான குறிகாட்டிகள். ஆயினும், இவை இயல்பாக இருக்கையிலும் நாடிச்சுவரில் அழற்சி தொடரக்கூடும். 1994 இல் ஐக்கிய அமெரிக்காவில் கேர் குழுவினர் 60 நோயாளர் பற்றி வெளியிட்ட ஆய்வில், நோய் தணிந்ததெனக் கருதப்பட்டோரிடம் சத்திரசிகிச்சையின்போது பெற்ற நாடி இழையங்களுள் 44 வீதமானவை அழற்சியைக் காட்டின. மேலும், தொசிலிசுமாப் என்னும் மருந்து இன்டர்லூக்கின்-6 இன் செயலைத் தடுப்பதால், அழற்சி நீடிப்பினும் சி-தாக்கப் புரதம் தாழ்ந்துவிடும்.

எனவே, எந்த ஒரு சோதனையும் தனித்து நின்று தீர்ப்பு வழங்க இயலாது. காய்ச்சல் போன்ற பொது அறிகுறிகள், உயர்ந்த படிவு வீதம், குருதியோட்டக் குறைவின் அடையாளங்கள், நாடிப்படத்தில் மாற்றங்கள் என்னும் நான்கினுள் இரண்டேனும் புதிதாகத் தோன்றினாலோ தீவிரமடைந்தாலோ நோய் கனல்கின்றது என்பது கேர் குழுவினரின் அளவுகோல். இந்திய ஆய்வாளர் வகுத்த 2010 ஆம் ஆண்டின் புள்ளிமுறையோ, அண்மைய மூன்று மாதங்களில் புதிதாகத் தோன்றிய அல்லது தீவிரமடைந்த குறிகளை மட்டுமே கணக்கிடுகின்றது. இரண்டிலும் அளக்கப்படுவது மாற்றமேயன்றி, பழைய சேதம் அன்று.

காந்தப் பரிவுப் படமும், கதிரியக்கக் குளுக்கோசைக் கொண்டு எடுக்கும் பொசித்திரன் படமும் நாடிச்சுவரையே நோக்க உதவுகின்றன. ஆனால், பின்னது செலவுமிக்கது. பல மருத்துவமனைகளுக்கு எட்டாதது. அத்தகைய இடங்களிலும் இரு கைகளிலும் கால்களிலும் குருதியமுக்கத்தை அளக்கலாம், துடிப்புகளைத் தொட்டறியலாம், கழுத்து நாடிகளின் இரைச்சலைச் செவிமடுக்கலாம். ஒடுங்கிய கையில் மட்டும் அளந்தால் உயர் குருதியமுக்கம் மறைந்துவிடும் என்பதை நாம் மறத்தலாகாது. ஒவ்வொரு வருகையிலும் இவற்றைக் குறித்துவைத்து முன்னையவற்றோடு ஒப்பிடுவது, வசதியற்றோருக்கான மாற்றுவழியன்று. எந்தப் புள்ளிமுறைக்கும் அதுவே அடித்தளமாகும்.