தொண்டையில் தொடங்கி இதயத்தைத் தாக்கும் நோய்



சிறு பிள்ளைகளுக்கு வரும் நோய்களுள் தொண்டை வலியைப் போல எளிதாக எண்ணப்படுவது வேறொன்று இல்லை. உப்பிட்ட வெந்நீரால் கொப்பளித்தால் தீரும், இரண்டு நாள் பனியில் திரியாதிருந்தால் ஆறும் என்று வீட்டார் இருந்துவிடுவர். பல வேளைகளில் அவர்கள் எண்ணம் சரியானதே. சளி, தும்மல், இருமல் ஆகியவற்றோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ்களால் உண்டாவது; தானே ஆறிவிடும். ஆயினும் எல்லாத் தொண்டை வலியும் அத்தகையது அன்று.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு வகைக் கிருமி உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் நூலில் கோத்த மணிகளைப் போலத் தோன்றும். இவ்வினத்தின் 'ஏ' பிரிவுக் கிருமி தொண்டையில் குடிபுகுந்தால் திடீரெனக் காய்ச்சல் எழும். உணவை விழுங்கும்போது வலிக்கும். கழுத்தில் நெறி கட்டும். தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதை சிவந்து வீங்கும். அதன்மேல் வெண்சீழும் படியலாம். இருமலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் இரா.

வியப்பு யாதெனில், இந்த வலியும் ஒரு வாரத்திற்குள் மருந்தின்றியே அடங்கிவிடக்கூடும். குழந்தை மீண்டும் விளையாடப் போய்விடும். ஆனால் தீங்கு அதன் பின்னரே வரலாம். காதில் சீழ் வைத்தல், சிறுநீரக அழற்சி முதலியனவும் அத்தீங்குகளே. அவற்றினும் கொடியது ருமாட்டிக் காய்ச்சல் என்னும் வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயதிற்கு உட்பட்டவர்களையே இது மிகுதியாகப் பற்றும்.

தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் காய்ச்சல் திரும்பும். இன்று முழங்கால் வீங்கும், அது தணியுமுன் கணுக்கால், பின்னர் முழங்கை. சில பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் கழித்துக் கைகால்கள் தம் வசமின்றித் துடிக்கும், எழுத்துக் கோணும், கையிலுள்ள பொருள் நழுவி விழும். 17-ஆம் நூற்றாண்டில் இந்நிலையை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாமின் பெயரால் இது வழங்குகிறது. இத்தகைய பிள்ளையைக் குறும்பன் என்று ஆசிரியர் தண்டித்தல் ஆகாது. மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

மூட்டு வீக்கம் வடுவின்றி மறைந்துவிடும். இதயமோ அவ்வாறு தப்புவதில்லை. குருதியை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் கதவுகளாகிய வால்வுகள் அழன்று, தழும்பேறித் தடித்துவிடும். பிறகு அவை முழுதும் திறப்பதுமில்லை, முழுதும் மூடுவதுமில்லை. ஆண்டுகள் பல சென்றபின், மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது. பெண்களுக்குச் சில வேளை கருவுற்ற காலத்திலேயே அது வெளிப்படுகிறது.

தொண்டைக் கிருமி இதயத்திற்கு எவ்வாறு சென்றது என்று நீங்கள் வினவலாம். அது செல்லவே இல்லை. கிருமியின் மேலுறையிலுள்ள சில புரதங்கள் இதயத் திசுவின் புரதங்களை ஒத்திருக்கின்றன. கள்வனைத் தேடும் காவற்காரன், அவனைப் போல உடுத்திருந்த வீட்டுப் பிள்ளையையே அடித்துவிட்டாற்போல, உடலின் தற்காப்பு ஆற்றல் உடலையே தாக்கிவிடுகிறது. தொண்டை ஆறியபின் நோய் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

இதனைத் தடுக்க வழி உண்டா? உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் படைத்தளத்தில், இத்தொண்டை நோய் கண்ட வீரர்களிடம் 1949-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. பெனிசிலின் பெற்ற 798 பேருள் இருவருக்கே ருமாட்டிக் காய்ச்சல் உறுதியாகக் கண்டது. பெறாத 804 பேருள் 17 பேருக்குக் கண்டது. நூற்றுக்கு இருவர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளைப்பருவத்தில் தொண்டை நோவு பன்முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடர் உடன் வருகிறது.

நோய் தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் தொடங்கினாலும் இதயத்தைக் காக்கலாம். ஊசியாயின் ஒரு முறை. வாய்வழி மருந்தாயின் பத்து நாட்கள். இங்கேதான் பலர் தவறுகின்றனர். மூன்றாம் நாள் வலி நீங்கியதும் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். வலி நீங்கியது உண்மை, கிருமி நீங்கவில்லை. எஞ்சிய ஏழு நாள் மருந்து தொண்டைக்காக அன்று, இதயத்திற்காக. ஆயினும் எந்த வலிக்கு மருந்து வேண்டும், எந்தப் பிள்ளைக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்; கடையில் தாமே வாங்கிக் கொடுத்தல் கூடாது.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர்க்கு அது மீண்டும் வரக்கூடும். ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் பழுதுறும். ஆதலின் அவர்கள் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நெருக்கமான வீடுகளிலும் காற்றோட்டம் இல்லாத வகுப்பறைகளிலும் இக்கிருமி எளிதில் பரவுகிறது. செல்வ நாடுகளில் வீட்டு வசதி பெருகிய காலத்தில், பெனிசிலின் வருமுன்பே இந்நோய் குறையத் தொடங்கிற்று. ஏழை நாடுகளில் இன்றும் அது நீங்கவில்லை. 2018-ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை இதனை எதிர்க்கத் தீர்மானம் இயற்றியதும் அதனாலேயே.

உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருப்பர். தொண்டை வலியோடு காய்ச்சலும் கண்டு, இருமல் இல்லையெனில், பெற்றோரிடம் எடுத்துக் கூறி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பத்து நாள் மருந்து எனில், நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு கோடிட்டு, பத்தாம் கோடு விழும் வரை மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.